வீங்கிய விரலும் பிரிந்து நின்ற துறைகளும்: சொரியாசிஸ் மூட்டழற்சியில் விரலழற்சி மருத்துவத்தின் வரலாறு – புதுச்சேரிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உடையவர்களுள் ஒரு பகுதியினருக்கு மூட்டழற்சியும் தோன்றுகிறது. அம்மூட்டழற்சியின் தனி அடையாளங்களுள் ஒன்று, கைவிரலோ கால்விரலோ அடிமுதல் நுனிவரை ஒரே சீராக வீங்குவதாகும். மருத்துவ நூல்கள் இதனை டாக்டிலைட்டிஸ் என்கின்றன. இக்கட்டுரை விரலழற்சி என்னும் சொல்லை ஆள்கிறது. இவ்வீக்கம் நெடுங்காலம் நகச்சுற்றாகவும், கீல்வாயுவாகவும், தொழுநோயாகவும், முடக்குவாதமாகவும் கொள்ளப்பட்டது. மருந்து இல்லாமை மட்டுமே இதற்கான மருத்துவம் பிந்தியதற்குக் காரணமன்று. தோலை ஒரு துறையும் மூட்டை மற்றொரு துறையுமாகப் பார்த்ததே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பிரெஞ்சு மருத்துவ மரபோடு தொடர்புடைய புதுச்சேரியும், மெத்தோட்ரெக்சேட் மருந்தின் வரலாற்றோடு தொடர்புடைய சென்னையும் இவ்வாய்வின் களங்களாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: சொரியாசிஸ் மூட்டழற்சி, விரலழற்சி, காளாஞ்சகப்படை, மெத்தோட்ரெக்சேட், எல்லாப்பிரகடா சுப்பாராவ், புதுச்சேரி மருத்துவ வரலாறு

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்துக்குத் தெற்கே அமைந்த ஊர் தவளக்குப்பம். கிழக்கே மீனவ ஊர்களையும் மேற்கே வயல்வெளிகளையும் கொண்ட இப்பகுதியில் உழைப்பின் கருவி கையும் காலுமே ஆகும். வலை பின்னும் விரலும் சேற்றில் ஊன்றும் கால்விரலும் வீங்கினால் அன்றாட வாழ்வு தடைபடும். ஆயினும் விரல் வீக்கம் என்பது தமிழகச் சிற்றூர்களில் தனி நோயாகக் கருதப்படுவதில்லை. அடிபட்டதாலோ, முள் தைத்ததாலோ, நீரில் ஊறியதாலோ வந்தது என்று எண்ணி விடுவதே வழக்கம். மோதிரமோ மெட்டியோ இறுகிக் கழற்ற முடியாத நிலை வரும்போதுதான் வீக்கம் கவனத்துக்கு வருகிறது.

அவ்வீக்கத்திற்கும் முழங்கையிலோ தலைமுடிக்கடியிலோ செதில் உதிரும் படைக்கும் தொடர்பு உண்டு என்பது நோயாளிக்குத் தோன்றுவது அரிது. மருத்துவ உலகுக்கே அது தெளிவாக ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த ஒன்றரை நூற்றாண்டின் போக்கையும், அது இப்பகுதியைத் தொட்ட இடங்களையும், அதனால் விளைந்த மருத்துவத்தின் இன்றைய நிலையையும் இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது.

பெயர்களும் மயக்கங்களும்

ஒரு நோய்க்கு வழங்கும் பெயரே அதற்குச் செய்யப்படும் மருத்துவத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ் வழக்கில் விரல் வீக்கத்திற்கு முதலில் நினைவுக்கு வரும் சொல் நகச்சுற்று. நகத்தின் ஓரத்தில் கிருமி தொற்றிச் சீழ் கோப்பதே நகச்சுற்று. அதற்கு எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகி வைப்பது வீட்டு மருத்துவம். நகச்சுற்றில் வீக்கம் நகத்தைச் சூழ்ந்தே நிற்கும். விரலழற்சியிலோ விரல் முழுவதும் பருக்கும். இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதாயினும் பெயரின் பழக்கம் அதனை மறைத்து விடுகிறது. சொரியாசிஸ் உடையவர்களின் நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகளும், நகம் தசையிலிருந்து பிரிந்து நிற்பதும் காணப்படுவதுண்டு. ஆதலின் நகக் கேட்டையும் விரல் வீக்கத்தையும் சேர்த்து நகச்சுற்று என்று கொள்ள மேலும் இடம் ஏற்படுகிறது.

இரண்டாவது மயக்கம் கீல்வாயு. குருதியில் யூரிக் அமிலம் மிகுந்து படிகமாக மூட்டில் தங்குவதால் வரும் கீல்வாயு பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில் தொடங்கும். சொரியாசிஸ் உடையவர்களிடமும் யூரிக் அமில அளவு உயர்ந்திருக்கக் காணலாம். எனவே குருதிச் சோதனையை மட்டும் நம்பினால் விரலழற்சி கீல்வாயுவாகவே முடிவு செய்யப்படும்.

மூன்றாவது மயக்கமே சமூக அளவில் கடுமையானது. அது தொழுநோய். சித்த மருத்துவம் தோல் நோய்களுள் பலவற்றைக் குட்டம் என்னும் பெரும்பிரிவில் அடக்கிப் பதினெட்டு வகையாகக் கூறுகிறது. நாளடைவில் குட்டம் என்னும் சொல் பொதுவழக்கில் தொழுநோயை மட்டுமே குறிப்பதாயிற்று. செதில் உதிரும் தோலும் வளைந்து வீங்கிய விரல்களும் ஒருவரிடம் ஒருங்கே காணப்பட்டால் ஊரார் கொள்ளும் முடிவு எதுவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொற்றாத ஒரு நோய், தொற்றுநோய்க்குரிய விலக்கத்தைச் சுமக்க நேர்ந்தது.

இம்மயக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய மருத்துவர் இராபர்ட் வில்லன் இந்நோயைத் தெளிவாக வருணித்தபோதும் அதன் ஒரு வகைக்கு லெப்ரா என்னும் பெயரையே ஆண்டார். வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா 1841இல்தான் அப்பெயர்க் குழப்பத்தை நீக்கிச் சொரியாசிஸைத் தொழுநோயிலிருந்து முற்றாகப் பிரித்தார். தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஆர்மவர் ஹான்சன் கண்டது 1873இல் ஆகும். யூதேயப் பாலைவனத்தில் கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு துறவி மடத்தில் கிடைத்த எலும்புகளில் சொரியாசிஸ் மூட்டழற்சியின் தடயங்கள் இருப்பதாக 1996இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நோய் பழையது, அதனைத் தனியே இனங்காணும் அறிவே புதியது என்பது இதனால் விளங்கும்.

சித்த மருத்துவக் கல்வியில் இன்று சொரியாசிஸ் காளாஞ்சகப்படை என்று பயிலப்படுகிறது. அதனோடு கூடிய மூட்டு நோய் காளாஞ்சக வாதம் எனப்படுகிறது. தோலையும் மூட்டையும் வாதம், பித்தம், ஐயம் என்னும் ஒரே அடிப்படையில் வைத்து நோக்குவது சித்த மருத்துவத்தின் இயல்பு. அவ்வகையில் இரண்டையும் இணைக்கும் ஒரு பெயர் தமிழில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறம் பெற்றபின் பூசும் தைலம் இப்படைக்கு இன்றளவும் வழங்குகிறது. ஆனால் பூசும் தைலம் தோலளவில் நிற்பது. தசைநாண் உறையிலும் எலும்பிலும் நிகழும் அழற்சியை அது எட்டுவதில்லை. தோல் தெளிந்ததும் நோய் தீர்ந்ததாகக் கருதும் எண்ணம் விரலைப் பொறுத்தவரை தீங்காகவே முடியும்.

பாரிசும் புதுச்சேரியும்

சொரியாசிஸும் மூட்டு நோயும் ஒருவரிடமே சேர்ந்து வருவதை முதலில் எழுத்தில் பதித்தவர்கள் பிரெஞ்சு மருத்துவர்கள். பாரிசின் செயிண்ட் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ழான் லூயி அலிபேர் 1818இல் இச்சேர்க்கையைக் குறிப்பிட்டார். அதே மருத்துவமனையின் பியேர் பசேன் 1860இல் இதற்குத் தனிப்பெயர் சூட்டினார். சார்ல் பூர்தியோன் 1888இல் பாரிசில் அளித்த ஆய்வேடு இப்பொருளை விரிவாக ஆராய்ந்தது. மூவரும் நோயாளியின் தோலையும் மூட்டையும் ஒரே பார்வையில் கண்டவர்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதே காலப்பகுதியில், 1823இல், பிரெஞ்சு ஆட்சியினர் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். பிரெஞ்சு மருத்துவம் தமிழ் மண்ணில் முறையாகப் பயிற்றப்பட்ட இடம் அது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. அதன்பின் 1956இல் அப்பள்ளியின் மரபில் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. அதுவே 1964 ஜூலையில் சவகர்லால் நிறுவனமாக, ஜிப்மர் என்னும் பெயரில் கோரிமேட்டில் வளர்ச்சி பெற்றது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

அலிபேர் தம் கருத்தை வெளியிட்டதற்கும் புதுச்சேரிப் பள்ளி தொடங்கியதற்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். இந்த அண்மையைக் கொண்டு, நோய் பற்றிய அறிவு உடனே கப்பலேறி வந்தது என்று கொள்ளலாகாது. பிரான்சிலேயே அக்கருத்து வேரூன்றவில்லை. சொரியாசிஸ் உடையவருக்கு முடக்குவாதமும் தற்செயலாக வந்தது என்பதே 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை பெரும்பான்மையோர் கொண்ட கொள்கை. தோல் மருத்துவம் தனித்துறையாகவும் மூட்டு மருத்துவம் பொது மருத்துவத்தின் பகுதியாகவும் வளர்ந்ததால், ஒரே நோயாளியின் இரு பாதிகளும் இரு அறைகளில் பார்க்கப்பட்டன.

இந்தியாவில் இப்பிரிவு மேலும் ஒரு வடிவம் பெற்றது. இங்குத் தோல் மருத்துவத் துறை, பால்வினை நோய்களையும் தொழுநோயையும் உள்ளடக்கிய ஒரே துறையாக அமைந்தது. இன்றும் அவ்வாறே வழங்குகிறது. தொழுநோய் மிகுந்திருந்த நாட்டில் அது இயல்பான ஏற்பாடே. ஆயினும் செதில் படையுடன் வந்தவர் தொழுநோயாளிகளுடன் ஒரே வரிசையில் அமர்ந்தார். வீங்கிய விரலுடன் வந்தவர் வேறு வரிசைக்கு அனுப்பப்பட்டார். ஹெப்ரா ஏட்டில் பிரித்ததை மருத்துவமனை இருக்கை மீண்டும் சேர்த்தது. அலிபேர் சேர்த்ததை அதுவே பிரித்தது எனலாம்.

தனி நோயாக ஏற்கப்பட்டமை

இரு வளர்ச்சிகள் இந்நிலையை மாற்றின. முதலாவது, முடக்குவாதக் காரணி எனப்படும் குருதிச் சோதனை. நார்வேயின் எரிக் வாலர் 1940இலும், அமெரிக்காவின் ஹாரி ரோசும் உடன் ஆய்வாளர்களும் 1948இலும் இதனை வெளிப்படுத்தினர். முடக்குவாதம் உடைய பலரிடம் காணப்பட்ட அக்காரணி, சொரியாசிஸுடன் மூட்டழற்சி உடையவர்களிடம் பெரும்பாலும் காணப்படவில்லை. எனவே இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்னும் கருத்து வலுப்பெற்றது.

இரண்டாவது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வெர்னா ரைட் 1950களில் தொடங்கிய தொடர் ஆய்வு. அவர் தோல் நோயாளிகளின் மூட்டுகளையும் மூட்டு நோயாளிகளின் தோலையும் முறையாகத் தேடிப் பார்த்தார். அமெரிக்க வாதநோய்ச் சங்கம் 1964இல் சொரியாசிஸ் மூட்டழற்சியைத் தனி நோயாக ஏற்றுப் பட்டியலிட்டது. ஜான் மோலும் ரைட்டும் 1973இல் அதன் ஐந்து வகைகளை வரையறுத்தனர். தோல், மூட்டு இரண்டையும் ஒருவரே பார்த்த இடத்தில்தான் நோய்க்குத் தனியுருவம் கிடைத்தது என்பது இங்கும் மெய்ப்படுகிறது.

தமிழகத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டு நோயியல் தனித்துறையாக வளர்ந்தது. புதுச்சேரி ஜிப்மரில் நோயெதிர்ப்பியல் சார்ந்த நோய்களுக்கெனத் தனித்துறை இயங்கி உயர்பட்டம் அளிக்கிறது. சிதம்பரம் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியின் தோல் துறையினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சொரியாசிஸ் நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு மூட்டழற்சி இருந்தது. தோல் துறையினரே மூட்டைத் தேடிப் பார்த்தனர் என்பதே அவ்வாய்வின் சிறப்பு. தவளக்குப்பத்திலிருந்து ஒரே கடலூர்ச் சாலையில் தெற்கே தொடர்ந்தால் எட்டும் தொலைவில் சிதம்பரம் அமைந்துள்ளமையால், இப்பகுதி மக்களின் நோய்நிலையை அறிய அது நெருங்கிய சான்றாகும்.

சென்னையில் பயின்றவரும் மெத்தோட்ரெக்சேட்டும்

நோய் தனியுருவம் பெற்ற அதே காலத்தில் அதற்கான மருந்தும் உருவாகியிருந்தது. அம்மருந்தின் வரலாறு சென்னையோடு பிணைந்தது. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், அன்றைய சென்னை மாகாணத்தின் தலைநகரில் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தது அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு இடமளித்தது. அதனால் அவருக்கு முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல், அதனினும் குறைந்த சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் ஆசிரியராக இருந்தபின் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பொறுப்பேற்றார்.

அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கும் முறையைக் கண்டது. பின்னர் அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய சேர்மங்களும் அங்கேயே உருவாயின. சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அமினாப்டெரினைப் பயன்படுத்தித் தற்காலிக நலம் கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். தம் குழுவின் மருந்து மூட்டு நோய்க்கும் தோல் நோய்க்கும் பயன்படவிருந்ததை அவர் அறிய வாய்ப்பில்லை. அமினாப்டெரின் முடக்குவாதத்திலும் சொரியாசிஸிலும் பயன் தருகிறது என்று ரிச்சர்ட் கப்னரும் உடன் ஆய்வாளர்களும் 1951இல் அறிவித்தனர். தோலுக்கும் மூட்டுக்கும் ஒரே மருந்து என்னும் எண்ணம் நடைமுறையில் தோன்றியது அப்போதுதான்.

சொரியாசிஸ் மூட்டழற்சிக்கென நடந்த முதற்பெரும் ஒப்பீட்டு ஆய்வு 1964இல் வெளிவந்தது. ஜிப்மர் பெயர் பெற்ற அதே ஆண்டு அது. 21 நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியாகச் செலுத்தப்பட்டது. மூட்டும் தோலும் தெளிந்தன; ஆனால் அளவு மிகுதியாக இருந்தமையால் நச்சு விளைவுகளும் தோன்றின. வாரத்திற்கு ஒருமுறை குறைந்த அளவில் உட்கொள்ளும் முறை 1970களில் நிலைபெற்றபின்னரே அம்மருந்து பரவலாயிற்று. அதன் பக்கவிளைவைத் தணிக்க இன்று ஃபோலிக் அமில மாத்திரை உடன் தரப்படுகிறது. சுப்பாராவின் குழு உருவாக்கிய மருந்தும் அம்மருந்தின் கடுமையைத் தணிக்கும் பொருளும் ஆகிய இரண்டும் இன்று ஒரே மருந்துச் சீட்டில் இடம்பெறுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை வரலாற்றின் பகுதியாகவே பதியத்தக்கது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஊறு நேரும். ஆங்கிலத்தில் அச்சிட்ட மருந்துச் சீட்டைப் படிக்க இயலாதவருக்கு, எந்தக் கிழமையில் உட்கொள்ள வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது மருந்தைத் தருவதற்கு ஒப்பான கடமையாகும்.

விரல் அளவைக்குட்பட்டமை

மருந்து வந்தபின்னும் விரலழற்சி தனியே கவனிக்கப்படவில்லை. ஆய்வுகள் வீங்கிய மூட்டுகளை எண்ணின. விரல் முழுவதும் வீங்கியிருந்தாலும் அது ஒரு மூட்டாகவோ இரண்டு மூன்று மூட்டுகளாகவோ கணக்கிடப்பட்டது. விரலுக்குள் நிகழ்வதைக் காணும் வழி 1990களில் காந்த அதிர்வுப் படங்களால் கிடைத்தது. இத்தாலியின் இக்னாசியோ ஒலிவியேரி முதலியோர் விரலை மடக்கும் தசைநாணின் உறை அழற்சியுற்று நீர் கோத்திருப்பதைக் காட்டினர். பின்வந்த ஆய்வுகள் மூட்டுச் சவ்வு, தசைநாண் எலும்பில் பொருந்தும் இடம், சுற்றியுள்ள மென்திசு ஆகிய அனைத்தும் வெவ்வேறு அளவில் பங்கு கொள்வதைத் தெளிவாக்கின. ஆகவே விரலழற்சி ஒரு மூட்டின் வீக்கமன்று. விரல் என்னும் முழு உறுப்பின் அழற்சி.

டொரண்டோ ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவுகள் மேலும் இரண்டைத் தெளிவுபடுத்தின. சொரியாசிஸ் மூட்டழற்சி உடையவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் விரலழற்சி வருகிறது. அதுவும் கைவிரல்களைவிடக் கால்விரல்களில் மிகுதி. விரலழற்சி வந்த விரல்களில் எலும்பு அரிப்பு மற்ற விரல்களைவிடக் கூடுதல். வீக்கம் வெளித்தோற்றக் குறையாக மட்டும் நிற்பதில்லை. வரவிருக்கும் ஊனத்தின் முன்னறிவிப்பாகவும் அமைகிறது.

அதே 2005இல் லீட்ஸ் நகரின் ஃபிலிப் ஹெல்லிவெல் விரலளவி என்னும் எளிய கருவியை முன்வைத்தார். விரலின் அடிப்பகுதிச் சுற்றளவை அளந்து, எதிர்க்கையின் அல்லது எதிர்க்காலின் அதே விரலோடு ஒப்பிடுவது அதன் முறை. வேறுபாடு நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டு, அழுத்தினால் வலியும் இருந்தால் அது செயலூக்கமுள்ள விரலழற்சி. இரு விரல்களும் வீங்கியிருந்தால் ஒப்பிடுவதற்கெனப் பொது அளவு அட்டவணை உண்டு. பொற்கொல்லர் மோதிரத்திற்கு அளவு எடுப்பதைப் போன்ற இம்முறைக்கு மின்சாரமோ ஆய்வுக்கூடமோ தேவையில்லை. ஒரு கிராமச் செவிலியரும் இதனைச் செய்யலாம்.

சர்வதேச ஆய்வாளர் குழு 2006இல் வகுத்த காஸ்பர் வரன்முறை, மருத்துவர் பதிவு செய்த விரலழற்சிக்கு ஒரு புள்ளி வழங்கிற்று. முன்னொரு காலத்தில் இருந்து மறைந்திருந்தாலும் அப்புள்ளி உண்டு. சொரியாசிஸ், நகக் குழிகள், முடக்குவாதக் காரணி இன்மை ஆகியவையும் புள்ளிகள் பெறும். நகச்சுற்று என்று ஒதுக்கப்பட்ட விரல், நோயை அறுதியிடும் சான்றாக இவ்வாறு உயர்வு பெற்றது.

புதிய மருந்துகளும் பழைய காசநோயும்

அழற்சியைத் தூண்டும் புரதங்களை நேரடியாகத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. எட்டனர்செப்ட் 2002இல் அமெரிக்காவில் சொரியாசிஸ் மூட்டழற்சிக்கு ஒப்புதல் பெற்றது. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகியவை 2005இல் தொடர்ந்தன. இன்டர்லூக்கின் 17 என்னும் புரதத்தைத் தடுக்கும் செக்குகினுமாப் 2016இலும், மாத்திரையாக உட்கொள்ளும் டோஃபாசிட்டினிப் 2017இலும் வந்தன.

இவற்றின் வருகையால் மெத்தோட்ரெக்சேட்டின் இடமும் மறு ஆய்வுக்குட்பட்டது. 221 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வாரம் 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட் மூட்டழற்சியைத் தெளிவாகக் குறைத்ததாக நிறுவ இயலவில்லை. விரலழற்சியையே முதன்மை இலக்காகக் கொண்ட கோ-டாக்ட் ஆய்வு 2020இல் வெளிவந்தது. 44 நோயாளிகளுள் ஒரு சாராருக்கு மெத்தோட்ரெக்சேட் மட்டும், மறு சாராருக்கு அதனுடன் கோலிமுமாப் ஊசியும் தரப்பட்டன. 24 வார முடிவில் இரண்டாம் சாராரின் விரல்களே கூடுதலாக வடிந்தன. நூற்றாண்டுகளாகப் பிற நோய்களின் பெயரில் மறைந்திருந்த வீக்கம், தன் பெயரிலேயே ஓர் ஆய்வைப் பெற்றது என்பதே அதன் வரலாற்றுச் சிறப்பு.

தோல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் இணைந்து 2003இல் அமைத்த கிராப்பா என்னும் பன்னாட்டுக் குழு, 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளில் விரலழற்சிக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளது. அதன்படி வலியடக்கும் அழற்சி நீக்கிகள், தசைநாண் உறையிலோ மூட்டிலோ இடும் ஸ்டீராய்டு ஊசி, மெத்தோட்ரெக்சேட் ஆகியவை நிபந்தனையுடன் ஏற்கப்படுகின்றன. உயிரியல் மருந்துகள் பலவற்றுக்கு வலுவான பரிந்துரை வழங்கப்படுகிறது. ஊசியாக ஓரிடத்தில் இடும் ஸ்டீராய்டு வேறு, மாத்திரையாக நாள்தோறும் உட்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு. பின்னதைத் திடீரென நிறுத்தினால் தோல் நோய் கொப்புள வடிவில் கடுமையாகத் திரும்பக்கூடும். மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் மாத்திரை முதல் வாரத்தில் தரும் நலம் ஏமாற்றமாக முடிவது இதனாலேயே.

நம் நாட்டில் இம்மருத்துவத்துக்கு இரு தடைகள் உள்ளன. ஒன்று விலை. அடாலிமுமாப் மருந்துக்கு ஒப்பான உயிரியல் மருந்தை உலகிலேயே முதலாவதாக இந்தியாவின் சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. விலை குறைந்தாலும் தொடர்ந்து செலுத்த வேண்டிய மருந்தாதலின் நாட்கூலியில் வாழ்பவருக்கு அது இன்னும் எளிதன்று. மற்றொன்று காசநோய். இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் வெளிப்பட்டதை 2001இல் ஓர் ஆய்வு அறிவித்தது. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை இவ்வகை மருந்துகள் எழுப்பிவிடலாம். அதனால் தொடங்குமுன் நெஞ்சகப் படமும் மறைநிலைக் காசநோய்ச் சோதனையும் இன்றியமையாதவை.

காசநோய் இவ்வரலாற்றில் இரு முறை குறுக்கிடுகிறது. விரல் எலும்பைக் காசநோய் தாக்கும்போதும் விரல் இதேபோல வீங்கும். குழந்தைகளிடம் இது மிகுதி. ஆகவே நோயை அறியும்போது காசநோயை விலக்கிப் பார்க்க வேண்டும். மருந்து தரும்போதும் அதனைக் காத்துக்கொள்ள வேண்டும். மேலைநாட்டு வழிகாட்டிகளை அப்படியே எடுத்தாள முடியாமைக்கு இது தக்க சான்றாகும்.

முதற்பார்வையின் பொறுப்பு

டப்ளின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு காலத்தின் மதிப்பை உணர்த்துகிறது. அறிகுறி தோன்றி முதன்முதலில் மூட்டு மருத்துவரைக் காண்பதில் ஆறு மாதத் தாமதம் நேர்ந்தாலே எலும்பு அரிப்பும் செயலிழப்பும் கூடுகின்றன. தவளக்குப்பம் போன்ற ஊரில் அந்த ஆறு மாதம் செலவாகும் வழியை முன்கூறிய பெயர்களைக் கொண்டே வரைந்து காட்டலாம். நகச்சுற்று என்று சில வாரங்கள். கீல்வாயு என்று யூரிக் அமில மாத்திரையுடன் சில மாதங்கள். முடக்குவாதச் சோதனையில் ஒன்றுமில்லை என்ற ஆறுதலில் எஞ்சிய காலம். தோலில் உள்ள படையைத் தொழுநோய் என்று பிறர் எண்ணுவர் என்னும் அச்சத்தால் அதனைச் சேலைத் தலைப்பிலோ முழுக்கைச் சட்டையிலோ மறைப்பவர், மருத்துவரிடமும் அதனைக் காட்டாமல் விரலை மட்டும் நீட்டுவார். மருத்துவரும் விரலை மட்டுமே பார்ப்பாராயின் நோய் இரு பாதிகளாகவே நின்றுவிடும்.

இத்தாமதத்தைக் குறைக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. வீங்கிய விரலுடன் வருபவரின் முழங்கை, தலைமுடி ஓரம், காதின் பின்புறம், கொப்பூழ், நகம் ஆகியவற்றைப் பார்ப்பதும், குடும்பத்தில் யாருக்கேனும் சொரியாசிஸ் உண்டா என வினவுவதும், எதிர்விரலோடு ஒப்பிட்டு அளப்பதும் போதும். அதேபோலச் செதில் படையுடன் வருபவரிடம் காலை விறைப்பும் விரல் வீக்கமும் உண்டா என்று கேட்பது தோல் மருத்துவரின் கடமையாகிறது. மெட்டி இறுகியதாகக் கூறும் பெண்ணின் சொல்லை நோய்க்குறியாகக் கொள்வதும் இதில் அடங்கும்.

முடிவுரை

விரலழற்சி மருத்துவத்தின் வரலாறு மருந்துகளின் வரலாறாக மட்டும் அமையவில்லை என்பது இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுகிறது. ஹெப்ரா தொழுநோயிலிருந்து சொரியாசிஸைப் பிரித்தார்; ரைட் முடக்குவாதத்திலிருந்து சொரியாசிஸ் மூட்டழற்சியைப் பிரித்தார்; ஹெல்லிவெல் மூட்டு வீக்கத்திலிருந்து விரல் வீக்கத்தைப் பிரித்து அளந்தார். இப்பிரிப்புகள் ஒவ்வொன்றும் மருத்துவத்துக்கு வழி திறந்தன. அலிபேர் முதல் கிராப்பா வரை தோலையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்தவர்களே நோயின் உருவை முழுமையாகக் கண்டனர். பிரிக்க வேண்டியவை நோய்கள்; சேர்க்க வேண்டியவை துறைகள்.

சென்னையில் முழுப்பட்டம் மறுக்கப்பட்ட ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து இன்று ஜிப்மர் நோயாளியின் கையில் குறைந்த விலையில் கிடைக்கிறது. காளாஞ்சக வாதம் என்னும் பெயரால் தோலையும் மூட்டையும் இணைத்துச் சொல்லும் வாய்ப்பும் தமிழில் உண்டு. விலையுயர்ந்த மருந்து எல்லாருக்கும் எட்டும் காலம் வரும்வரை, விரல் வீங்கிய முதல் மாதத்திலேயே அதன் பெயரைச் சரியாகச் சொல்வதே தவளக்குப்பம் போன்ற ஊர்களில் செய்யத்தக்க முதல் மருத்துவமாகும்.